ஒன்பதாம் நம்பர் இடது கால்

திருடன் காலை எடுத்துக்கொண்டு கிண்ணத்தை விட்டுவிட்டுப் போயிருந்தான்.

வடமதுரையில் முகேஷ்குமாரின் வீட்டு முன்னறை மேசையில் அந்தக் கிண்ணம் மட்டும் கவிழ்ந்து கிடந்தது. மிச்சமிருக்கும் தொடையை உள்ளே நுழைத்துக்கொள்ள, அவன் தொடைக்கென்றே வார்த்த கறுப்புக் கிண்ணம். அதற்குக் கீழே இருந்த கம்ப்யூட்டர் மூட்டு, மூட்டுக்குக் கீழே குழாய், குழாய்க்குக் கீழே பாதம், பாதத்தில் மாட்டியிருந்த ஷூ, எல்லாம் செவ்வாய்க்கிழமை மத்தியானம் போய்விட்டன. இன்று வியாழன்.

"முழுக்காலையும் எடுக்க மனசு வரலை போல. முக்கால்தான் போயிருக்கு" என்றேன்.

சைதூன் அக்கா சிரிக்கவில்லை. பதினைந்து வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக, விபத்தில் அடிபட்டேன் என்று சொல்பவர்களில் யார் நிஜமாக நொண்டுகிறார்கள், யார் நடிக்கிறார்கள் என்று பின்னாலேயே போய்ப் பார்த்தவர் அவர். இப்போது திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே சொந்தமாகத் துப்பறியும் ஆபீஸ். நான் பானுப்ரியா, பி.எஸ்சி. இயற்பியல். எட்டு மாதமாக அவருக்கு ஸ்கூட்டர் ஓட்டுவதும், போட்டோ எடுப்பதும், வாய் பேசுவதும் என் வேலை.

முகேஷ்குமாருக்கு இருபத்தேழு வயது. மூன்று வருஷத்துக்கு முன் நாலுவழிச் சாலையில் ஒரு லாரி அவன் இடது காலை முட்டிக்கு மேலே வாங்கிக்கொண்டது. பிறகு கோயம்புத்தூரில் ஒரு கம்பெனி புது மாதிரிக் கால் செய்தது. ஒவ்வொரு அடிக்கும் எங்கே மடங்க வேண்டும், எங்கே இறுக வேண்டும் என்று மூட்டே முடிவு செய்துகொள்ளும். படியில் கைப்பிடியில்லாமல் இறங்கலாம். இந்த மாவட்டத்தில் ஐந்து பேரை முகாமுக்குக் கூப்பிட்டு நடக்கவிட்டுப் பார்த்து ஒருவனுக்குக் கொடுத்தார்கள். ஐந்து பேரைப் பந்தியில் உட்கார வைத்து ஒரே ஒரு இலை போடுவது. இதற்குப் பெயர் சேவையாம், பின்னால் பேனர் வேறு கட்டியிருந்தார்கள்.

இரண்டு மாதம் அந்தக் காலோடு நடந்தான் முகேஷ். வரும் சனிக்கிழமை கம்பெனிக்காரர்கள் திண்டுக்கல் வருகிறார்கள். அவர்கள் முன்னால் பன்னிரண்டு படி இறங்கிக் காட்டினால் கால் அவனுக்கே சொந்தம். அதோடு, அவர்கள் நடத்தும் முகாம்களில் நடந்துகாட்டும் வேலையும் கிடைக்கும். போலீசுக்குப் போனால் விஷயம் கம்பெனிக்குத் தெரிந்துவிடும் என்று எங்களிடம் வந்திருந்தான். செவ்வாய்க்கிழமை அம்மா நூறு நாள் வேலைக்குப் போயிருந்தார். காலைச் சார்ஜில் போட்டுவிட்டு உள்ளறையில் படுத்தவன் கண் அசந்துவிட்டான். எழுந்தபோது கிண்ணம்தான் இருந்தது.

கம்பெனி கொடுத்த கையேடு ஒன்று மேசையில் கிடந்தது. கரண்ட் இல்லை. நான் அதை எடுத்து விசிறிக்கொண்டேன். அக்கா அதை என் கையிலிருந்து பிடுங்கிப் படிக்க உட்கார்ந்துவிட்டார்.

யார் மீது சந்தேகம் என்று கேட்டதும் முகேஷ் ஒரு நோட்டுத்தாளை நீட்டினான். மேலே அடிக்கோடிட்டு 'பொறாமைக்காரர்கள்' என்று எழுதியிருந்தான். இருபத்து மூன்று பெயர். டீக்கடைக்காரர், இரண்டு சித்தப்பாக்கள், கூடப் படித்த பதினொரு பேர், பால் ஊற்றுகிறவர் என்று இறங்கிக்கொண்டே போனது. கிரிக்கெட் டீமே இருந்தது. அத்தனை பேருக்கும் இரண்டிரண்டு கால்.

"ரெண்டு கால் இருக்குறவுக உங்க ஒத்தக் கால் மேல பொறாமைப்படுறாகளா?" என்றேன்.

"வேலை வருதுல்லக்கா. அவிங்களுக்கு வரலையே" என்றான்.

சிரிக்கலாம் என்று வாயைத் திறந்து மூடிக்கொண்டேன். என் கூடப் படித்த ஒருத்திக்கு வங்கி வேலை கிடைத்தபோது எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. பொறாமை எனக்குத் தெரியாத சரக்கில்லை.

அக்கா கிண்ணத்தைத் திருப்பிப் பார்த்தார். அடியில் நான்கு சின்னத் திருகாணிகள். ஒரு கீறல் இல்லாமல் கழற்றப்பட்டிருந்தன. கழற்றிய திருகுச் சாவி பக்கத்திலேயே ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தது. பிறகு குனிந்து கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு அட்டைப்பெட்டியை இழுத்தார். உள்ளே இடது கால் ஷூ ஒன்று, கறுப்பு. மூக்கில் திணித்த காகிதப் பந்து கூட எடுக்கப்படாத புத்தம் புதுசு. வாசலுக்குப் போய் அங்கே கிடந்த வலது கால் ஷூவை எடுத்து வந்தார். அதே மாதிரிதான், ஆனால் குதிகால் தேய்ந்து, செம்மண் அப்பி, இரண்டு மாதம் உழைத்த ஷூ. இரண்டையும் புரட்டி அடியில் நம்பர் பார்த்தார். இரண்டும் ஏழு.

"இடது கால் இல்லாதவர் வீட்டுல இடது ஷூ புதுசா இருக்குறது அதிசயமாக்கா?" என்றேன்.

அக்கா அதைப் பெட்டியில் திரும்ப வைத்தார். அது எக்ஸ்ட்ரா என்று முகேஷ் சொன்னான், யாரும் கேட்காமலே.

வெளியே வந்து ஸ்கூட்டரைக் கிளப்பினேன். இருபத்து மூன்று பேரில் யாரிடமிருந்து ஆரம்பிப்பது என்று கேட்டதற்கு, அக்கா முந்தானையில் முகம் துடைத்துக்கொண்டே அந்தத் தாளை என் சட்டைப்பையில் திணித்தார்.

"சாதாத் திருடன் முழுசாத் தூக்கிட்டு ஓடுவான் பானு. கிண்ணம் அடுத்தவன் தொடைக்கு ஆகாது, மூட்டும் பாதமும் ஆகும்னு யாருக்குத் தெரியும்? தனக்குன்னு வீட்டுல ஒரு கிண்ணம் வச்சிருக்கவனுக்குத்தான் தெரியும்."

"அப்ப ஒத்தக் கால்காரன்."

"அதுவும் முட்டிக்கு மேல போனவன். இந்த லிஸ்ட்டுல அப்புடி ஒருத்தன் பேரு கூட இல்லை. இருபத்து மூணு பேரை யோசிச்சு எழுதுனவனுக்கு, மொதல்ல ஞாபகம் வரவேண்டிய ஆளு மட்டும் எப்புடி மறக்கும்?"

நானும் அதே தாளைத்தான் பார்த்தேன். எட்டு மாதமாக இப்படித்தான். ஒரே இடத்தில் இரண்டு பேரும் நிற்போம். நான் ஜோக்கோடு வருவேன், அவர் விடையோடு வருவார். எரியாதா.

பட்டியலில் முதல் பெயர் டீக்கடை சடையாண்டி. அவரிடம் போய், முகேஷ் மீது பொறாமையா என்று நேராகவே கேட்டேன். மனிதர் டீயை ஆற்றிக்கொண்டே, ஆமாம், பொறாமைதான் என்று ஒத்துக்கொண்டார். தன் மகன் இன்ஜினியரிங் முடித்துவிட்டு மில் கேட்டில் நிற்கிறானாம். அவனுக்கு யார் பேனர் கட்டினார்கள் என்று கேட்டார். அக்கா அவரிடம் வேறு கேட்டார். முகாமுக்கு இந்த ஊரிலிருந்து முகேஷ் மட்டும்தான் போனானா?

"கருப்பணனும் போனாரு. தென்னை மரத்துல இருந்து விழுந்து கால எடுத்தவரு. ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் போவாக, ஒண்ணாத்தான் வருவாக. அண்ணன் தம்பி மாதிரி. அவருக்குக் கெடைக்கலை. ஆனாலும் இவனுக்கு மாலை வாங்கிப் போட்ட மனுசன் அவரு" என்றார். "ரெண்டு நாளாத்தான் ஆளக் காணோம். காய்ச்சலாம்."

"செவ்வாய்க்கிழமையிலேருந்தா?"

"ஆமா தாயி. எப்புடித் தெரியும்?"

அக்கா டீயை மிச்சம் வைத்துவிட்டு எழுந்தார்.

கருப்பணனின் வீடு ஊரைத் தாண்டி இரண்டு கிலோமீட்டரில், குத்தகைக்கு எடுத்த மல்லிகைத் தோட்டத்துக்குள் இருந்தது. ஓட்டு வீடு. அவர் மனைவி மூக்காயி செடிகளுக்கு நடுவே நின்று பூ எடுத்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் மடியிலிருந்த மொட்டுகளைக் கூடையில் கொட்டிவிட்டு வேகமாக வந்து வாசலை மறித்து நின்றார். அவருக்குக் காய்ச்சல், எழுந்து வரமுடியாது, நாளைக்கு வாருங்கள் என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொன்னார்.

நான் வாசலைப் பார்த்தேன். மூக்காயியின் ரப்பர் செருப்பு ஒரு ஜோடி. பக்கத்தில் கறுப்பு ஷூ ஒன்று, வலது கால், ஒற்றையாக. முகேஷ் வீட்டில் பார்த்த அதே மாதிரி.

"ஒத்தக் கால்காரர் வீட்டு வாசல்ல ஒத்த ஷூ. கணக்குச் சரிதானேக்கா" என்று காதில் சொன்னேன்.

"தப்பு. அவரு பொய்க்கால் போட்டு நடக்குறவரு. அப்ப ரெண்டு காலுக்கும் போடுவாரு, வீட்டுக்குள்ள போகையில ரெண்டையும் கழட்டுவாரு. இங்க ஒண்ணு வெளிய கெடக்கு. இன்னொண்ணு எங்க?"

"உள்ளயா? வீட்டுக்குள்ள யாராச்சும் ஷூ போட்டுட்டு நடப்பாகளா?"

"நீ விசிறுன புத்தகத்துல இருக்கு. பழைய கால் வெறுங்கால்ல நடக்கச் செஞ்சது. கோயிலுக்கும் அடுப்படிக்கும் போற ஆளுகளுக்குன்னு செஞ்சது. இந்தப் புதுக் கால் ஷூவோட குதிகால் உயரத்துக்கு அளவு வச்சது. ஷூவைக் கழட்டுனா ஆளு பின்னாடி சாஞ்சு விழுவான். அதனால அவரு கழட்ட முடியாது."

சொல்லிக்கொண்டே அந்த வலது ஷூவைப் புரட்டினார். நம்பரைப் பார்த்தார். இன்ஸ்பெக்டர்களைப் போல முகம் மலரவில்லை. ஏதோ கசந்த மாதிரி உதட்டைச் சுழித்துவிட்டு அதைக் கீழே வைத்தார்.

"அண்ணே, செத்த நேரம் வெளிய வாங்க. நின்னுக்கிட்டே பேசுவோம். உக்கார வேணாம்" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

மூக்காயி அழ ஆரம்பித்தார். உள்ளே தரையில் 'டக்' என்று ஒரு சத்தம். பிறகு மிருதுவாக ஒரு சத்தம். டக், மிருது, டக், மிருது. ஷூவும் வெறுங்காலும் மாறி மாறி வந்தன.

கருப்பணனுக்கு நாற்பத்தைந்து இருக்கும். நல்ல உயரம். கைலியை இறக்கிக் கட்டியிருந்தார். அதன் கீழே வலது பக்கம் வெடித்த பாதம், இடது பக்கம் பளபளக்கும் கறுப்பு ஷூ. இடது பக்கம் இரண்டு விரற்கடை குட்டையாக இருந்தது, ஒவ்வொரு அடிக்கும் தோள் சரிந்தது. ஆனால் முட்டி மடங்கியது. மனித முட்டி மாதிரி, யோசித்து, மடங்கியது.

"எடுத்தது நாந்தான் தாயி" என்றார். கேட்க வேண்டியிருக்கவில்லை.

எனக்கு உள்ளுக்குள் வெடி வெடித்தது. வழக்கு முடிந்தது. மாலை வாங்கிப் போட்டவர் வயிறு எரிந்து திருடிவிட்டார். நான் உடனே முகேஷுக்குப் போன் போட்டு, கால் கிடைத்துவிட்டது, கருப்பணன் தோட்டத்துக்கு வா என்று சொல்லிவிட்டேன். அக்கா என்னைத் தடுக்கவில்லை. வரட்டும் என்றார். அந்தக் குரல் எனக்குப் பிடிக்கவில்லை.

முகேஷ் ஆட்டோவில் வந்து ஊன்றுகோலோடு இறங்கினான். கருப்பணனைப் பார்த்தான். அவர் இடது காலைப் பார்த்தான். திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். மல்லிகைச் செடியைப் பார்த்துக்கொண்டு நின்றான். காலைப் பறிகொடுத்தவன் முகம் அப்படி இருக்காது.

"தம்பி, உன் வலது கால் ஷூ என்ன நம்பர்?" அக்கா கேட்டார்.

"ஏழு."

"இவரு இடது கால்ல போட்டிருக்க ஷூ, நீ ரெண்டு மாசமா அந்தக் கால்ல போட்டிருந்த ஷூ. அது என்ன நம்பர்?"

அவனுக்குப் பதிலாகக் கருப்பணன் சொன்னார்.

"ஒம்போது."

எனக்கு அப்போதுதான் கட்டிலுக்கு அடியில் கிடந்த பெட்டி ஞாபகம் வந்தது. காகிதப் பந்து எடுக்காத இடது ஏழு. போட முடியாத ஷூவை எதற்கு வாங்கினான்? ஜோடியாகத்தான் விற்பார்கள் என்பதால் வாங்கினான். ஏழில் ஒரு ஜோடி, ஒன்பதில் ஒரு ஜோடி. வலதுக்கு ஏழு, இடதுக்கு ஒன்பது. அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. முகேஷைப் பார்த்தே பேசினார்.

"பொய்க்கால் பாதத்தை, மிச்சமிருக்க காலோட அளவுக்குத்தான் வரவழைப்பாங்க. உன் கால் ஏழு. உனக்குன்னு வந்த பாதம் எப்புடி ஒம்போது ஆச்சு? இந்தக் கால் உனக்குன்னு வரலை. ஒம்போது நம்பர் கால் இருக்க வேற ஒருத்தருக்காக வந்தது. உன் அளவுப் பாதம் வர மூணு மாசம் ஆகும்னு கம்பெனியில சொல்லியிருப்பாக. பரவால்ல, ஷூ போட்டுச் சமாளிச்சுக்கிறேன்னு நீ சொல்லியிருப்ப. கிண்ணத்தை மட்டும் உனக்கு வார்த்து, குழாயை உன் உயரத்துக்கு அறுத்துக் குடுத்துட்டாக. அதான் இவரு இன்னைக்கு ரெண்டு விரக்கடை குட்டையா நிக்கிறாரு."

மூக்காயி அழுகையை நிறுத்திவிட்டார்.

மிச்சத்தைக் கருப்பணன் நிதானமாகச் சொன்னார். அவரிடம் இருப்பது பட்டன் போன். முகாமில் வாட்ஸ்அப் நம்பர் கேட்டபோது, தம்பி நம்பரைப் போட்டுக்கொள்ளுங்கள் என்று முகேஷின் நம்பரைத்தான் எழுதச் சொன்னார். ரேஷன், ஆதார், கேஸ் எல்லாவற்றுக்கும் அந்த நம்பர்தான். ஒரு வாரம் கழித்து முகேஷ் வந்து, உங்களுக்கு இல்லையாம் அண்ணே, எனக்கு வந்திருக்கிறது என்றான். இவர் மாலை வாங்கிப் போட்டார்.

"அப்புறம் பத்து நாளைக்கு முந்தி ஒரு ஷூ கொண்டாந்தான். ஒத்த ஷூ வீணாக் கெடக்குண்ணே, உங்க வலது காலுக்கு ஆகும், போட்டுக்கங்கன்னான். போட்டுப் பாத்தேன். அளவெடுத்துத் தச்ச மாதிரி இருந்துச்சு. சந்தோசமாப் போச்சு. ராத்திரி படுத்துக்கிட்டு யோசிக்கேன். இதோட ஜோடி அவன் இடது கால்ல இருக்கு. அவன் பொய்க்கால்ல எதுக்கு என் நம்பரு?"

கொடுத்ததுதான் காட்டிக்கொடுத்தது. அந்த ஷூவைக் குப்பையில் எறிந்திருந்தால் இவன் சாகும்வரை மாட்டியிருக்கமாட்டான்.

"கேட்டிருக்கலாம்ல அண்ணே" என்றார் அக்கா.

"கேட்டா இல்லைன்னுதான் சொல்லுவான். அவன் ரோட்டுல நடக்கையில எல்லாம், என் காலு அவன்கிட்ட நடக்குதுன்னே தெரிஞ்சுச்சு தாயி. சோறு இறங்கலை. நாலு நாளு நடந்து பாத்துட்டு சனிக்கிழமை கொண்டுபோய் வச்சிருவோம்னுதான் எடுத்தேன்." இடது முட்டியைத் தடவிக்கொண்டே, "வச்சிருப்பேனான்னு எனக்கே தெரியலை" என்றார்.

கருப்பணனுக்குத்தான் கால் என்று உன் போனுக்கு வந்ததும் கம்பெனியிடம் என்ன சொன்னாய் என்று அக்கா முகேஷைக் கேட்டார். கருப்பணனுக்குத் தொடையில் புண், சீழ் வைத்திருக்கிறது, அவர் வேண்டாம் என்றுவிட்டார் என்று ஒரு மெசேஜ் போட்டானாம். ஒரே ஒரு மெசேஜ்.

"ஏன் முகேஷ்?" இந்த முறை நான்தான் கேட்டேன்.

ஊன்றுகோலை மாற்றிப் பிடித்துக்கொண்டான். "அன்னைக்கு அஞ்சு பேரையும் நடக்கவிட்டாக. நான் நடந்து முடிச்சதும் அந்த இன்ஜினியர் ஏதோ எழுதிக்கிட்டாரு. அண்ணன் நடந்து முடிச்சதும் கைதட்டுனாரு. வயசானவருக்குத் தட்டுறாரு. எனக்குத் தட்டலை." மூக்கைத் தோளில் துடைத்தான். "அது அவருக்கே கெடைச்சிருந்தா, தெனமும் இந்த ஊர்ல நான் அதைப் பாத்துக்கிட்டே இருக்கணுமேக்கா."

இருபத்து மூன்று பேர் எழுதிய அந்தத் தாள் என் சட்டைப்பையில் இருந்தது. இருபத்து நான்காவது பெயரை அவன் எழுதவில்லை. அது அவன் பெயர்.

அவனை அறைய வேண்டும் போல இருந்தது. கூடவே, அந்த இன்ஜினியரையும், ஐந்து பேருக்கு ஒரு காலைக் கொண்டுவந்து போட்டியும் வைத்துக் கைதட்டிய அந்தக் கூட்டத்தையும் சேர்த்து.

எங்களை வேலைக்கு வைத்தவன் முகேஷ். அவன் கேட்டது காலைக் கண்டுபிடிக்க. கண்டுபிடித்தாயிற்று. சட்டப்படி அக்கா அதை அவனிடம் ஒப்படைத்துவிட்டுக் கிளம்பியிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. முகேஷின் போனை வாங்கி, கம்பெனி இன்ஜினியரின் நம்பரை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, அவனிடமே நீட்டினார்.

"நான் சொன்னா இவரு திருடன், நீ திருடன்னு போகும். நீயே சொல்லு. சொல்லலைன்னா சனிக்கிழமை நான் வந்து சொல்லுவேன், பன்னெண்டாவது படியில நின்னுக்கிட்டு."

மணி அடித்தது. எதிர்முனையில் எடுத்துவிட்டார்கள்.

"சார், முகேஷ்குமார். கருப்பணனுக்குத் தொடையில புண்ணு இருக்குன்னு மெசேஜ் போட்டேன்ல. அது பொய் சார். அவருக்குத் தெரியாது. கால் இப்ப அவருகிட்டதான் இருக்கு."

அந்த இன்ஜினியர், இரண்டு பேரும் சனிக்கிழமை வாருங்கள், குழாயை நீளமாக்கும் சாமான்களோடு வருகிறேன், அவரைத்தான் முதலில் நடக்கவிட்டுப் பார்க்க வேண்டும் என்றார். முகேஷைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை.

கருப்பணன் குனிந்து கைலியை மடித்துக் கட்டினார். மூட்டு வெயிலில் மின்னியது. வாசற்படி ஒன்றுதான், ஆனால் உயரமான படி. கதவைப் பிடிக்காமல் இறங்கினார். முட்டி மெதுவாக மடங்கி, அவர் எடையைத் தாங்கி, மண்ணில் கொண்டுவந்து விட்டது. பிறகு வாசலில் கிடந்த வலது கால் ஷூவுக்குள் பாதத்தை நுழைத்தார். ஒன்பதும் ஒன்பதும். இரண்டு மாதத்துக்குப் பிறகு அந்த ஜோடி சேர்ந்தது.

வரப்பில் நாலடி நடந்தார். தோள் சரிந்தாலும் கால் தடுமாறவில்லை. மூக்காயி சேலையால் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தார். அக்கா கைதட்டவில்லை. நானும் தட்டவில்லை. தட்டக் கூடாது என்று இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது.

"பாத்துண்ணே, அங்க ஈரம்" என்றான் முகேஷ். குரலில் பாசம் இருந்தது, நிஜமான பாசம்தான்.

திரும்பி அவனைப் பார்த்தேன். அவன் கண் கருப்பணனின் முகத்தில் இல்லை. முட்டியில் இருந்தது. அது மடங்கும் ஒவ்வொரு முறையும் ஊன்றுகோலைப் பிடித்த அவன் விரல்கள் இறுகின.